நிறுத்தாத ஜீப்

சாந்தாமேரி நாற்பத்து இரண்டாவது வயதில் ஓடத் தொடங்கியதற்குக் காரணம் அவளுடைய வாய்தான். கால்களுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மஞ்சக்குட்டை சாலையில் உள்ள எஸ்டேட் லைன் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, டீ குடித்து, ஊர் விஷயம் பேசிக் கலைவார்கள். இதற்கு அன்பியக் கூட்டம் என்று பெயர். போன வருஷம் மே மாதக் கூட்டம் சாந்தாமேரி வீட்டில் நடந்தது. அந்தோனியார் கோயில் திருவிழாக் கமிட்டியின் செயலாளர் செபாஸ்டின் நோட்டும் பேனாவுமாக வந்து போட்டிகளின் பட்டியலை வாசித்தார். ஆண்களுக்கு ஐந்து கிலோமீட்டர் சாலை ஓட்டம், கபடி, கயிறு இழுத்தல். பெண்களுக்கு மியூசிக்கல் சேர், ஸ்பூனில் எலுமிச்சம்பழம்.

டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த சாந்தாமேரி நின்றாள்.

"ஏனுங்க செபாஸ்டினண்ணா, நான் கல்யாணம் ஆகி இங்க வந்து இருவது வருஷம் ஆச்சுங்க. இருவது வருஷமா அதே நாக்காலி, அதே எலுமிச்சம்பழம். வருஷம் பூரா மேட்டுலயும் பள்ளத்துலயும் காப்பிப்பழம் மூட்டை சுமக்கறது நாங்க. திருவிழான்னா மட்டும் எங்களால ஓட முடியாதுங்களா?"

செபாஸ்டின் கோபக்காரர் அல்ல. நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

"நல்லாப் போச்சு. மகளிர் சாலை ஓட்டம்னு எழுதிக்கறேன். மொதல் பேரு உங்களுதுங்களா?"

உள்ளே சமையலறை வாசலில் நின்றிருந்த கணவன் கிறிஸ்துதாஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். அந்த இருமலுக்காகவே அவள், "எழுதுங்க" என்றாள்.

*

அந்த முதல் ஓட்டம் எப்படி முடிந்தது என்பது மஞ்சக்குட்டைக்கும் பக்கத்து ஊரான வாழவந்திக்கும் தெரியும்.

எஸ்டேட் கேட்டுக்குப் பக்கத்தில் 'ஏற்காடு 5' என்று எழுதிய கிலோமீட்டர் கல் இருக்கிறது. அங்கே தொடங்கி ஏரிக்கரையில் முடிக்க வேண்டும். நான்கு பெண்கள் நின்றார்கள். விசில் ஊதியதும் சாந்தாமேரி பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்து, ஓரத்தில் நின்றவர்கள் கைதட்ட மறந்துபோனார்கள். அவளுக்குத் தெரிந்த ஓட்டம் அது ஒன்றுதான். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் காலை ஏழரைக்கு எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பேர் கூப்பிட்டு முடித்ததும், பழம் அதிகமுள்ள வரிசையைப் பிடிக்க எல்லாரும் ஓடுவார்கள். இருநூறு அடி ஓட்டம். வரிசையைப் பிடித்துவிட்டால் அப்புறம் நாள் முழுக்க அங்கேயே நிற்கலாம். அவள் அந்த ஓட்டத்தை ஓடி முதல் வளைவை முதலாவதாகத் தாண்டினாள். தாண்டிய பிறகுதான் பிடிக்க வரிசை எதுவும் இல்லை, இன்னும் சாலைதான் இருக்கிறது என்பது உடம்புக்குப் புரிந்தது.

'ஏற்காடு 4' கல்லுக்கு வந்தபோது மூச்சு விசில் அடித்தது. பின்னால் ஒரு ஜீப் வந்தது. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளக் கமிட்டி அமர்த்திய ஜீப். ஓட்டியவன் கிறிஸ்துதாஸ். தினமும் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன் அவன். ஜீப் அவள் பக்கத்தில் வந்து நின்றது. சாந்தாமேரி ஏறி உட்கார்ந்தாள். ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த கூடையைச் சற்று நகர்த்திவைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் ஏறினார்கள். கல்லூரியில் ஓட்டப்பந்தயத்தில் ஓடும் ஸ்டெஃபி மட்டும் ஏரிக்கரை போய்ச் சேர்ந்தாள். முதல் பரிசான குக்கரை அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டாம் பரிசு ஹாட்பாக்ஸும் மூன்றாம் பரிசு இட்லிக்குண்டாவும் ஆள் இல்லாமல் மேடையிலேயே இருந்து, சாயங்காலம் மியூசிக்கல் சேரில் ஜெயித்தவர்களுக்குப் போயின.

வீட்டில் சண்டை ஒரு வாரம் நடந்தது.

"நீங்க ஏன் நிறுத்துனீங்க?"

"நீ கை காட்டுனே. நான் நிறுத்துனேன்."

"நான் எப்பங்க கை காட்டுனேன்?"

"எடது கையத் தூக்கிக் காட்டுனயே புள்ள. கை காட்டுனா நிறுத்தறதுதான் என்ற தொழிலு. பொண்டாட்டின்னா மட்டும் நிறுத்தாமப் போகோணுமா?"

இவன் பொய் சொல்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். பத்தொன்பது வயது மகள் ஜெஸ்லின் தன் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாள். களைத்துப்போன அம்மாவின் இடது கை முகத்துக்கு நேரே உயர்ந்து, விரல்கள் எதையோ பிடித்து வளைப்பதுபோல் மடங்கியிருந்தன. சாந்தாமேரி அதை இரண்டு தடவை பார்த்தாள். பதினாறு வயதிலிருந்து இடது கையால் காப்பிக் கிளையை வளைத்து வலது கையால் பழம் பறிக்கிறவள் அவள். உடம்பு ஓய்ந்துபோனால் கை தானாகக் கிளையைத் தேடுகிறது.

"பாத்தயா?" என்றான் கிறிஸ்துதாஸ்.

"பாத்தேன். அது ஜீப்பக் கூப்புட்ட கை இல்ல. வேலை செய்யற கை."

"ஜீப்புக்கு அது தெரியுமா?"

*

இந்த ஜனவரியில் செபாஸ்டின் வந்து விஷயத்தை மரியாதையாகச் சொன்னார். பரிசு மூன்று. மூன்று பேராவது காலால் வந்து சேர வேண்டும். இந்த வருஷமும் சேராவிட்டால் மகளிர் ஓட்டம் பட்டியலில் இருக்காது. "நாக்காலிய யாரும் பாதியில உட்டுட்டுப் போறதில்ல பாருங்க" என்று வேறு சொன்னார்.

பேர் கொடுத்தது மறுபடியும் நான்கு பேர்தான். ஸ்டெஃபி, ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் வேலை பார்க்கும் ஐஸ்வர்யா, சாந்தாமேரியோடு பழம் பறிக்கும் மலர், சாந்தாமேரி. முதல் இருவரும் சின்னப் பெண்கள், போய்ச் சேர்ந்துவிடுவார்கள். மூன்றாவது ஆள்தான் கேள்வி. பேச்சைத் தொடங்கியது தன் வாய் என்பதால் அந்தக் கேள்வி தனக்குத்தான் என்று சாந்தாமேரிக்குத் தெரிந்தது.

பிப்ரவரியில் பழம் பறிப்பு முடிந்ததும் காலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கினாள். ஜெஸ்லினின் பழைய சுடிதார், ஜெஸ்லினின் பழைய பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூ. ஷூ அரை அளவு சின்னது. நான்காம் நாள் கால் கட்டைவிரல் நகம் கறுத்தது. பத்தாம் நாள் கழன்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஜனங்களின் நல்ல மனசு.

மலைச்சாலையில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி ஓடினால், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். முதல் நாளே சௌசௌ மூட்டையோடு டிவிஎஸ்ஸில் வந்த வெங்கடாசலம் பிரேக் போட்டார்.

"ஏனுங்க்கா, ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. சும்மா ஓடறனுங்க."

"சும்மா எதுக்குங்க ஓடறீங்க? ஏறுங்க, ஏறுங்க. மூட்டை மேல உக்காருங்க, ஒண்ணும் ஆவாது."

மலையில் வண்டி நிறுத்தினவரிடம் வேண்டாம் என்று சொல்வது மூஞ்சியில் அடித்ததுபோல. இன்றைக்கு வேண்டாம் என்றால் நாளைக்கு மழையில் நிற்கும்போது நிறுத்த மாட்டார்கள். சாந்தாமேரி சௌசௌ மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து வீடு வந்தாள். மறுநாள் பால் வண்டி. அதற்கு அடுத்த நாள் மாரமங்கலம் பக்கம் போகும் டெம்போ. ஒரு வாரத்தில் அவள் ஓடிய தூரத்தைவிட ஏறி வந்த தூரம் அதிகம்.

"அம்மா, நீ ஓடப் போறயா, ஊரு சுத்தப் போறயா?" என்றாள் ஜெஸ்லின்.

"நான் என்ன கண்ணு பண்ணட்டும்? நிறுத்தறாங்க. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

கிறிஸ்துதாஸ் தட்டில் இருந்த இட்லியைப் பார்த்தபடியே சொன்னான்: "எனக்கு வர வேண்டிய டிக்கெட்டு. எல்லா வண்டியிலயும் ஓசியில ஏறுது."

மாட்டேன் என்று சொல்ல ஒரு வழி தற்செயலாக வாய்த்தது. ஒரு காலை வெங்கடாசலம் வழக்கம்போல் நிறுத்தி, வழக்கம்போல் ஏறச் சொன்னபோது, அவள் வாயில் அதுவாகவே வந்தது.

"இல்லீங்க. வேண்டுதலுங்க."

வெங்கடாசலம் உடனே காலைத் தரையில் ஊன்றி, கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். "அப்புடியாங்க்கா? தெரியாமக் கேட்டுப்போட்டனுங்க. நீங்க ஓடுங்க." வேண்டுதல் என்றால் அந்த மலையில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். எந்தச் சாமிக்கு என்றுகூட முகத்துக்கு நேரே கேட்பதில்லை. இரண்டே நாளில் செய்தி பரவியது. பால் வண்டிக்காரர் ஹாரன் அடிக்காமல் ஓரமாகப் போனார். சேர்வராயன் கோயிலுக்கு என்று சிலர் முடிவு கட்டினார்கள், வேளாங்கண்ணிக்கு என்று சிலர். ஒரு பாட்டி வாசலில் நின்று, மகனுக்குப் பொண்ணு அமையவும் சேர்த்து ஓடச் சொன்னாள்.

சாந்தாமேரிக்கு இது பெரிய வசதியாக இருந்தது, அந்தப் பாட்டி கேட்கும்வரை. அதன்பிறகு உறுத்தியது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வேறு. பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டாள்: வேண்டுதல் என்று பொய் சொன்னேன், சாமி. ஒருத்தர் இரண்டு பேரிடம் இல்லை, மூன்று ஊரிடம்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பங்குத்தந்தை ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் சிரித்தாரா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

"இனிமே அது வேண்டுதல்தாம்மா" என்றார். "போய் முடி."

*

மூச்சு வாங்குகிற பிரச்சினை மட்டும் தீரவில்லை. தினமும் முதல் வளைவுவரை பாய்ச்சல், அப்புறம் இடுப்பில் கை வைத்து நடை. மலர் அவளோடு நான்கு நாள் வந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்க ஓடறதப் பாத்தா, பின்னாடி காட்டெரும வருதோன்னு நான் திரும்பித் திரும்பிப் பாக்கறேன். கொஞ்சம் மெதுவாத்தான் போங்களே."

"மெதுவாப் போனா அது ஓட்டமா புள்ள?"

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் ரேஷன் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு திரும்பும்போது தூறல் பிடித்தது. இருபது கிலோ. மூட்டையைத் தலையில் வைத்து, துண்டை மேலே போர்த்தி, அரிசி நனைவதற்குள் வீடு சேர வேண்டுமென்று எட்டு வைத்துப் போனாள். வேகமாகப் போனால் மூட்டை ஆடும். நின்றால் நனையும். இரண்டுக்கும் நடுவில் குட்டிக் குட்டி எட்டு. வீட்டு வாசலில் மூட்டையை இறக்கும்போது ஜெஸ்லின் குடையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டயா? இப்பத்தான போன் பண்ணுனே, கடையிலிருந்து?"

சாந்தாமேரி அப்போதுதான் கவனித்தாள். கடையிலிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. பேச முடிந்தது. மகளைத் திட்டக்கூட முடிந்தது, மழையில் துணி எடுக்காமல் விட்டதற்காக.

மறுநாள் காலை தலையில் ஒரு மூட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடினாள். மூட்டை ஆடக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். முதல் வளைவில் ஒரு நாய் அவளை எளிதாகத் தாண்டிப் போய் நின்று திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும். 'ஏற்காடு 4' வந்தது. 'ஏற்காடு 3' வந்தது. அந்தக் கல்லை அவள் முதல் தடவையாகக் காலால் வந்து பார்க்கிறாள். கல்லில் ஒரு பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அதன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பினாள்.

மே மாதக் கடைசியில் 'ஏற்காடு 1' வரை போய்விட்டாள். அதற்கு மேல் ஏரிவரை நீளமான ஏற்றம். அதை மட்டும் ஒருமுறையும் நிற்காமல் ஏறியதில்லை. ஒரு நாள் ஏற்காட்டிலிருந்து வரும்போது கிறிஸ்துதாஸ் புது ஷூ ஒன்றைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தான்.

"யாருக்கு?"

"வேண்டுதலுக்கு" என்றான்.

*

திருவிழாவன்று காலை பனி கல்லைக்கூட மூடியிருந்தது. சாலையை எட்டு மணிவரைதான் மறிக்கலாம். எட்டரை பஸ் வந்துவிடும் என்பதால் எட்டுக்கு ஏரிக்கரையில் கட்டிய முடிவுக் கயிற்றை அவிழ்த்துவிடுவோம் என்று செபாஸ்டின் மைக்கில் மூன்று தடவை சொன்னார். ஏழு ஐந்துக்கு விசில் ஊதினார்கள்.

ஸ்டெஃபியும் ஐஸ்வர்யாவும் பனிக்குள் போய் மறைந்தார்கள். சாந்தாமேரியும், அவளிடம் கற்றுக்கொண்ட மலரும் தலையில் தங்கள் கற்பனை மூட்டைகளோடு, ஆடாமல், சேர்ந்து ஓடினார்கள். பின்னால் கிறிஸ்துதாஸின் ஜீப் முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது.

"அக்கா, உங்க ஊட்டுக்காரரு நம்மளயே பாத்துக்கிட்டு வராரு."

"ரோட்டப் பாத்து ஓட்டறாரு. நாம ரோட்டுல இருக்கறோம்."

வெங்கடாசலம் வீட்டு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "வேண்டுதலு, வழி உடுங்க!" என்று அவர் தன் சொந்தப் பிள்ளைகளைச் சாலையிலிருந்து விலக்கினார். 'ஏற்காடு 3' கல் போயிற்று. 'ஏற்காடு 2' கல்லுக்குக் கொஞ்சம் முன்னால், சில்வர் ஓக் இலைகள் ஈரமாகக் கிடந்த இடத்தில், மலரின் கால் மடங்கியது. உட்கார்ந்துவிட்டாள். சாந்தாமேரி நின்றாள்.

"நிக்காதீங்க! ஸ்டெஃபி ஒண்ணு, ஐசு ரெண்டு. மூணாவது நீங்கதான். போங்கக்கா!"

மலர் ஜீப்பில் ஏறினாள். ஏறியவள் சும்மா உட்காரவில்லை. முன் சீட்டில் முழங்காலிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மூட்டை ஆடுது, மூட்டை ஆடுது!" என்று கத்திக்கொண்டே வந்தாள். விஷயம் தெரியாத ஒருவர், எந்த மூட்டை என்று ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

'ஏற்காடு 1'. மணி ஏழு நாற்பத்தாறு என்று யாரோ சொன்னார்கள். ஏற்றம் தொடங்கியது.

பாதி ஏற்றத்தில் தொடைகள் கல்லாகின. மூச்சு மறுபடி விசில் அடித்தது. ஜீப் மெல்ல அவளுக்கு இணையாக வந்தது. ஏறும் படி அவள் முழங்காலுக்கு நேரே இருந்தது. இருபது வருஷமாக அந்தப் படியில் கால் வைத்தவள். அப்போது இடது கை, யாரையும் கேட்காமல், முகத்துக்கு நேரே உயர்ந்து கிளையைப் பிடித்தது.

சாந்தாமேரி கையைப் பார்த்தாள். கிறிஸ்துதாஸும் பார்த்தான். அவன் கால் பிரேக்குக்குப் போனதை மலர் பார்த்தாளாம். கை காட்டினவர்களுக்கு நிறுத்தாமல் அவன் ஒருநாளும் போனதில்லை. சாகக் கிடந்த தன் அப்பாவைப் பார்க்கப் போன அன்றுகூட வழியில் நான்கு பேருக்கு நிறுத்தியவன்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். ஜீப் உறுமி, அவளைத் தாண்டிப் பதினைந்து அடி முன்னால் போய், அதே மெதுவான வேகத்தில் ஊர்ந்தது. பின்பக்கம் திறந்தே கிடந்தது. ஏறுவதென்றால் அவள் முதலில் ஓடிப் பிடிக்க வேண்டும்.

"யோவ்!" என்றாள் சாந்தாமேரி. கல்யாணமான நாளிலிருந்து அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"எடம் இல்ல!" என்று அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான். மலரைத் தவிர ஜீப்பில் ஒருவரும் இல்லை. "வண்டி ஃபுல்லு! அடுத்த வண்டியில வா!"

மலர் சிரித்த சிரிப்பில் மடங்கிய காலை மறந்து வண்டித் தளத்தில் ஊன்றி, "ஆத்தா!" என்று அலறினாள். சாந்தாமேரிக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு வேண்டும். சிரிக்க மூச்சு இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இடது கையைக் கீழே இறக்கினாள். தலையில் மூட்டையைச் சரியாக வைத்துக்கொண்டாள். குட்டி எட்டு. அடுத்த குட்டி எட்டு. ஜீப் பதினைந்து அடி முன்னாலேயே, கைக்கு எட்டாமலேயே போயிற்று.

ஏரிக்கரையில் செபாஸ்டின் ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் கயிற்றின் நுனியுமாக நின்றிருந்தார். அவள் வந்து சேர்ந்தபோது எட்டு ஆக இரண்டு நிமிஷம் இருந்தது. கயிற்றைத் தாண்டிய பிறகும் அவள் நிற்கவில்லை. நிறுத்துவது எப்படி என்பதை அவள் பழகவே இல்லை. படகுத்துறை டிக்கெட் ஜன்னல்வரை ஓடிப்போய், அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டெஃபியும் ஐஸ்வர்யாவும் வந்து கட்டிக்கொண்டார்கள்.

"மூணு பேரு" என்றார் செபாஸ்டின், எழுதிக்கொண்டே. அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. மியூசிக்கல் சேருக்குப் பரிசு இனிமேல் தனியாக வாங்க வேண்டும்.

"அடுத்த வருஷம் பேரு எழுதறீங்களாண்ணா?" என்றாள் சாந்தாமேரி.

"எழுதறேன், எழுதறேன். மொதல்ல உக்காருங்க."

"நாக்காலி வேண்டாங்க" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மேடையில் இட்லிக்குண்டாவை வாங்கினாள். மூன்று பேர் வந்த ஓட்டத்தில் மூன்றாவது. கூட்டத்தில் அந்தப் பாட்டி எழுந்து நின்று கைதட்டினாள். மகனுக்கு வாழவந்தியில் பெண் பார்த்திருக்கிறார்களாம், ஏறக்குறைய முடிந்த மாதிரிதானாம்.

இரவு வீட்டுக்குத் திரும்ப, குண்டாவை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் கிறிஸ்துதாஸ் கை காட்டினவர்களுக்கெல்லாம் நிறுத்தினான். கடைசியில் பதினாறு பேர் ஏறி, அவளை நெருக்கி ஓரத்துக்குத் தள்ளினார்கள்.

"இப்ப மட்டும் எடம் இருக்குதாக்கும்?" என்றாள்.

"நீ கொஞ்சம் தள்ளி உக்காரு புள்ள" என்றான். "இன்னும் ரெண்டு பேரு நிக்கறாங்க."